வீட்டுக்கு ஒரு பேட்டரி சார்ஜர் – கொஞ்சம் பழைய கதையோடு

போன மாசம் எங்க வீட்டு பேட்டரி சார்ஜர் புகைஞ்சு போச்சுங்க. 1996-ல டவுன்ல ஒரு வைண்டிங் கடையில சொல்லிச் சுத்தி வாங்கினது. தகரப் பெட்டி, முன்னால ஒரு ஆம்ஸ் மீட்டர், சிவப்பும் கருப்புமா ரெண்டு கிளிப்பு. கனம் ஒரு சின்ன ஆட்டுக்கல்லு தேறும். புதுசு வாங்கலாம்னு கடைக்குப் போனா, கையடக்கமா ஒன்ன எடுத்து வெச்சு "இதுதாங்க இப்ப எல்லாரும் வாங்கறது"ன்னார் கடைக்காரர். தூக்கிப் பாத்தேன், கனமே இல்ல. உடனே வாங்க மனசு வரல. அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து யோசிச்சதுதான் இந்தக் கட்டுரை.

எங்க அப்பாரு காலத்துல ஊருக்குக் கரண்ட் வரல. 1932-லயே பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பிச்சு கோயமுத்தூர் மில்லுகளுக்கெல்லாம் கரண்ட் வந்தாச்சு. கம்பி எங்க ஊர் எல்லையைத் தொட இன்னும் ரொம்ப வருசம் ஆச்சு. ஆனா அதுக்கு முன்னாலயே ஊர்ல ஒரு வால்வு ரேடியோ இருந்துச்சாம். அது பேட்டரியில பாடும். பேட்டரி தீந்துபோனா மாட்டு வண்டியில வைக்கோல் மெத்தை போட்டு, ஆசிட் தளும்பாம டவுனுக்குக் கொண்டுபோய், அங்க சார்ஜ் கடையில விட்டுட்டு வரோணும். ரெண்டு நாள் கழிச்சுப் போய் எடுத்துட்டு வரோணும். அந்த ரெண்டு நாளும் ஊருக்கு இலங்கை வானொலி கிடையாது.

அந்த மாதிரி ஒரு சார்ஜ் கடைய நானும் சின்ன வயசுல பாத்திருக்கேன். மரப்பலகை மேல வரிசையா பேட்டரிக, ஒன்னோட பிளஸ்ஸ அடுத்ததோட மைனஸ்ல கோத்து, எல்லாத்துக்கும் சேத்து ஒரே ரெக்டிஃபயர். ஒவ்வொன்னு மேலயும் சாக்பீஸ்ல ஊர் பேர் எழுதியிருக்கும். கடைக்குள்ள போனாலே மூக்கு எரியும். கடைக்காரர் சட்டையில அங்கங்க ஆசிட் தின்ன ஓட்டை. அவர் மீட்டரக் கூட அதிகம் பாக்க மாட்டார். மூடியத் திறந்து குமிழி வர்ற வேகத்தப் பாப்பார், மோந்து பாப்பார், கண்ணாடிக் குழாய விட்டு ஆசிட்ட உறிஞ்சி கிராவிட்டி பாப்பார். 1250 தொட்டுருச்சுன்னா அந்த பேட்டரியக் கழட்டிட்டு வரிசையத் திரும்பக் கோப்பார். "மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரிதான் கண்ணு. தலையத் தூக்கிடுச்சுன்னா நிறுத்திப்போடோணும்"னார் ஒருக்கா. அப்பப் புரியல.

இந்த ஈய பேட்டரியோட வயசு நெனச்சா ஆச்சரியமா இருக்குங்க. 1859-ல பிரான்சு நாட்டு கஸ்தோன் பிளாண்டேங்கறவர் ரெண்டு ஈயத் தகட்டச் சுருட்டி கந்தக அமிலத்துல முக்கி வெச்சார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்தலாங்கற முதல் பேட்டரி அதுதான். ஆனா அதுக்கு சார்ஜ் ஏத்த அவர்கிட்ட இன்னைக்கு இருக்கற மாதிரி கரண்ட் இல்ல. வேற வகை பேட்டரிகள வெச்சுத்தான் ஏத்தினார்! 1881-ல காமில் ஃபோர்ங்கறவர் தகட்டு மேல ஈய ஆக்சைடப் பசையாப் பூசற வழியக் கண்டுபிடிச்ச பின்னாலதான் பேட்டரி வியாபாரமா ஆச்சு.

காரும் பேட்டரியும் பிரிக்க முடியாம ஒட்டிக்கிட்டது 1912-ல. அதுக்கு முன்னால காரக் கிளப்ப முன்னால நின்னு ஹேண்டில் சுத்தோணும். இஞ்சின் திருப்பி அடிச்சா கை முறிஞ்சுபோகும். அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங் செஞ்ச மின்சார ஸ்டார்ட்டரு அந்த வருசம் காடிலாக் கார்ல வந்துச்சு. கை பொழைச்சுது. ஆனா அதுல இருந்து பேட்டரி செத்தா காரும் செத்த மாதிரிதான். எங்க பக்கத்து பழைய அம்பாசிடர்லயும் ஜீப்லயும் ரொம்ப நாள் வரைக்கும் ஹேண்டில் ஓட்டை இருந்துச்சு, நானே சுத்தியிருக்கேன். இன்னைக்கு வர்ற கார்ல அது கிடையாது.

வீட்டுக் கரண்ட் முன்னும் பின்னுமா ஓடறது. பேட்டரிக்கு ஒரே பக்கமா ஓடற கரண்ட் வேணும். அப்படித் திருப்பிக் குடுக்கத்தான் ரெக்டிஃபயர். மொதல்ல பாதரச ஆவிக் கண்ணாடிக் குடுவைக இருந்துச்சு. 1910-கள்ல அமெரிக்காவுல டங்ஸ்டன் இழைய ஆர்கான் வாயுவுக்குள்ள வெச்சு ஒரு பல்பு செஞ்சாங்க. ரெண்டு பேரையும் ஒட்டி "டங்கர்"னு பேரு. சார்ஜ் கடைக ரொம்பப் பேருக்கு அந்த பல்புதான் சோறு போட்டுது. அப்புறம் செலினியம் தகடு, அதுக்கப்புறம் சிலிக்கான் டயோடு. டயோடு விலை இறங்கினதும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் ரெண்டு மூணு டயோடும் இருந்தாப் போதும்னு ஆச்சு. வைண்டிங் கடைக்காரரே சார்ஜர் செஞ்சு குடுத்தார். எங்களது மாதிரி.

இங்கதாங்க எங்களுக்கு ஒன்னு தவறிப்போச்சு. சார்ஜ் கடை வீட்டுக்குள்ள வந்துச்சு, கடைக்காரர் வரல. மூடியத் திறந்து பாத்து நிறுத்தறதுக்கு ஆள் இல்ல. டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்குத் தானா நிறுத்தத் தெரியாது. அதோட, அது குடுக்கற வோல்டேஜ் வீட்டு வோல்டேஜோட சேந்து ஏறி இறங்கும். 230-ல 14.4 வர்ற மாதிரி சுத்தியிருந்தா, 180-ல பதினொன்னு சொச்சந்தான் வரும், பேட்டரிக்குள்ள ஒன்னுமே ஏறாது. 250-ல பதினஞ்சரைக்கு மேல போயிரும், பேட்டரி கொதிக்கும். எங்க ஊர்ல பகல்ல எல்லாக் கிணத்து மோட்டாரும் ஓடறப்ப 180-க்கு எறங்கும். ராத்திரி மோட்டாரெல்லாம் நின்னதும் 250-ஐத் தாண்டும். நாங்க சார்ஜ் போடறதே ராத்திரிலதான்! டிராக்டர் பேட்டரி ரெண்டு வருசத்துல போயிருச்சுன்னு பேட்டரிக்காரனத் திட்டிட்டு இருந்தோம்.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. பேட்டரி கொதிக்கறப்ப ஹைட்ரஜன் வாயு வரும். காத்துல அது நூத்துக்கு நாலு பங்கு சேந்தாலே ஒரு பொறி போதும். எங்க பெரியப்பா பையன், சாளைக்குள்ள கதவச் சாத்தி ராத்திரி பூராவும் சார்ஜ் போட்டிருந்தார். காலையில சுவிச்ச நிறுத்தாம கிளிப்ப உருவினார். டப்புனு ஒரு சத்தம். பேட்டரி மேல்பக்கம் பொளந்து ஆசிட் மூஞ்சில. வெளிய மாட்டுத் தண்ணித் தொட்டி இருந்துச்சு, தலையோட உள்ள முக்கிட்டோம். அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. கண்ணு ரெண்டும் பொழைச்சுது, தாடையில தழும்பு இன்னும் இருக்கு. கிளிப்ப மாட்டிட்டு சுவிச்சுப் போடு, சுவிச்ச நிறுத்திட்டு கிளிப்ப எடு, இதச் சொல்லிக் குடுக்க அன்னைக்கு எங்களுக்கு யாரும் இல்ல.

இதையெல்லாம் நெனச்சுட்டு மறுபடி கடைக்குப் போனேன். இப்ப அந்தக் கனமில்லாத பெட்டி வேற மாதிரி தெரிஞ்சுது. உள்ள இருக்கற சில்லு பேட்டரி வோல்டேஜ அளந்துட்டே இருக்கும். மொதல்ல வேகமா ஏத்தும், 14.4 பக்கம் வந்ததும் கரண்ட்டக் குறைச்சுக்கும், நிறைஞ்சதும் பதிமூணரை சொச்சத்துக்கு எறங்கி சும்மா காவல் காக்கும். வீட்டு வோல்டேஜ் ஏறினாலும் எறங்கினாலும் பெரிசாக் கண்டுக்காது. கிளிப்ப மாத்தி மாட்டினா ஓடாது, பொறியும் வராது. சுருக்கமாச் சொன்னா, அந்த ஓட்டைச் சட்டைக்காரர உள்ள உக்கார வெச்சிருக்காங்க.

ஆனா டப்பா மேல ஆட்டோமேடிக்னு எழுதியிருக்கறதெல்லாம் அப்படி இல்லைங்க. சிலது நிறைஞ்சதும் பச்சை லைட்டு மட்டும் காட்டிட்டு ஏத்திக்கிட்டே இருக்கும். அதனால கடையிலயே ஒரு நல்ல பேட்டரில மாட்டச் சொல்லி, மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. நிறைஞ்ச பின்னாலும் பதினாலரைக்குக் கீழ எறங்காம நின்னா வேண்டாம். அடுத்தது ஆம்ஸ். பேட்டரி அவர்ல பத்துல ஒரு பங்கு போதும். 35 அவர் கார் பேட்டரிக்கு மூணரை, நாலு ஆம்ஸ். டிராக்டருக்கும் சேத்துன்னா எட்டு. பெருசா இருந்தா சீக்கிரம் ஏறும்னு 15 ஆம்ஸ் வாங்கி சின்ன பேட்டரியக் காய வைக்காதீங்க. நம்மூர் வெயிலுக்கு, சூட்டப் பாத்து வோல்டேஜக் குறைக்கற வசதி இருந்தா நூறு இருநூறு கூடக் குடுக்கலாம். லித்தியம் பேட்டரிக்கு மட்டும் இத மாட்டவே கூடாது.

டவுன்ல கார நிறுத்தியே வெச்சிருக்கறவங்களுக்கும் இது வேணும். நின்ன கார்லயும் கடியாரம், அலாரம்னு கொஞ்சம் கரண்ட் போயிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்ஸ்னு வெச்சாலும் மாசத்துக்கு இருபது அவருக்கு மேல ஆச்சு, 35-ல பாதிக்கும் மேல. 2020 ஊரடங்குல எத்தன காரு கிளம்பாம நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். கிளிப்பு மாட்டாம வோல்டேஜ் பாத்தா 12.6 இருக்கோணும். 12.2 வந்துட்டா பாதிதான் இருக்குன்னு அர்த்தம், அப்பவே போட்டுருங்க. காலியாவே விட்டா தகட்டுல வெள்ளையா உப்புப் பூத்துரும், அப்புறம் எந்த சார்ஜராலும் ஆகாது.

எட்டு ஆம்ஸ்ல ஒன்னு வாங்கிட்டு வந்தேன். பழச எடைக்குப் போடல. டயோடுதான் போயிருந்துச்சு, மாத்தியாச்சு. ஏன்னா புது ஆளுக்கு ஒரு குணம் இருக்கு. பேட்டரி சுத்தமா எறங்கிக் கிடந்தா, இது பேட்டரியே இல்லைன்னு நெனச்சு வேலையே ஆரம்பிக்காது. போன வாரம் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் பேட்டரி அப்படித்தான் வந்துச்சு. வாசல்ல வேப்ப மரத்தடில வெச்சு, பழச மாட்டி, முக்காலி போட்டுப் பக்கத்துலயே கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். பதினொன்னு தாண்டினதும் சுவிச்ச நிறுத்தி, புதுசுக்கு மாத்திட்டு, காப்பி குடிக்கப் போனேன்.