அம்பாசிடர் காரின் ஹேண்ட் பிரேக்

நிறுத்திய கார் உருளாமல் பிடிப்பது ஹேண்ட் பிரேக். குமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு இணைந்த சிறிது காலத்திலேயே அம்பாசிடர் கார் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை இது தயாரானது.

அதன் ஹேண்ட் பிரேக் லீவரை இழுத்தால், கேபிள் பின்சக்கர டிரம்முக்குள் உள்ள பிரேக் ஷூக்களை விரிக்கும். லைனிங் தேய்ந்தால் பிடி தளரும். பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் சக்கரத்தடியில் கல் வைப்பது அதனால்தான். டிக்கியில் கல்லோடு அலைந்த கார்களை நானே பார்த்திருக்கிறேன்.

பலர் கேபிளை மட்டும் இறுக்குவார்கள். அது தவறு, அளவுக்கு மீறி இறுகினால் ஷூ உரசிக்கொண்டே ஓடி, சீக்கிரம் தேயும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, லீவரை இறக்கி, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்கி வைத்து, முதலில் ஷூ அட்ஜஸ்டரைத் திருக வேண்டும். சக்கரம் பூட்டியதும், தாராளமாகச் சுழலுமளவு தளர்த்த வேண்டும். அப்புறமும் லீவர் அதிகம் மேலே வந்தால்தான் கேபிளில் கை வைக்கலாம்.