ஊர்விட்டு வந்தவர்களின் சாப்பாட்டுக் கடைகள்

வலது கையில் விரல்நுனி முதல் தோள்பட்டை வரை சுமார் இருபது கிண்ணங்கள். இடது கையில் மூன்று. இத்தனையையும் தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே விரைந்து வந்து, யார் எதைக் கேட்டாரோ அதை அவர் முன்னால் பிசகாமல் வைப்பார் பரிமாறுபவர். ஒருவருக்குச் சூடாக வேண்டும், இன்னொருவருக்கு ஆறியிருக்க வேண்டும். ஒருவர் கொழுப்பில்லாத கறி கேட்பார், பக்கத்தில் இருப்பவர் கொழுப்பைத்தான் கேட்பார். எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய் ராகம் போட்டு ஒப்பிப்பார். ஒரு கிண்ணம் மாறிப்போய், சாப்பிட வந்தவர் முதலாளியிடம் சொல்லிவிட்டால் வசவு விழும், சம்பளம் பிடிபடும், சில சமயம் வேலையே போகும். “ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம்” என்று குரல் கொடுக்கும் நம் ஊர் சர்வரின் பாட்டனுக்குப் பாட்டன் போலத் தெரியும் இந்த மனிதர் வேலை பார்த்தது 900 ஆண்டுகளுக்கு முன், சீனாவின் கைஃபங் நகரத்தில்.

உணவகம் என்ற ஏற்பாடு 1760களின் பாரிஸில் பிறந்தது என்று இன்னும் சில புத்தகங்கள் எழுதிக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பாவை மட்டும் கணக்கில் வைத்தால் அது சரியாக இருக்கலாம்.

கைஃபங்கின் பரிமாறுபவர்களைப் பற்றி நமக்குச் சொன்னவர் மெங் யுவான்லாவ். இளம் வயதில் அந்த நகரத்துக்கு வந்து குடியேறியவர். வடக்கு சோங் வம்சத்தின் தலைநகராக இருந்த கைஃபங்கை 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் படைகள் பிடித்துக்கொண்டன. பேரரசரே கைதியாக வடக்கே கொண்டுபோகப்பட்டார். மெங் தெற்கே ஓடினார். 1147இல், தான் இழந்த நகரத்தைத் தெருத்தெருவாக நினைவுகூர்ந்து ஒரு நூலை முடித்தார். அரண்மனைச் சடங்குகளும் திருவிழாக்களும் அதில் உண்டு. ஆனாலும் எந்தக் கடையில் எது கிடைக்கும், எத்தனை மணிவரை கிடைக்கும் என்று பேசத் தொடங்கினால்தான் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஓர் அகதி எழுதிய ஊர் வரலாற்றில் சாப்பாடு இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அதற்கு முந்தைய தாங் வம்சத்துத் தலைநகரான சாங்ஆனில் இப்படியொரு வாழ்க்கைக்கு வழியில்லை. அங்கே குடியிருப்புப் பகுதிகளைச் சுற்றி மதில் இருந்தது. இரவில் முரசு ஒலித்ததும் கதவுகள் மூடப்படும். கடைவீதிகள் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் மட்டும். சோங் காலத்தில் இந்தக் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 965இல் முதல் சோங் பேரரசர் நள்ளிரவு வரை கடைகள் திறந்திருக்கத் தடையில்லை என்று ஆணையிட்டார். பிறகு கடைக்காரர்கள் ஆணையையும் தாண்டிப் போனார்கள். மெங் காலத்து இரவுச் சந்தைகள் மூன்றாம் சாமம் வரை நடந்து, சற்றே ஓய்ந்து, விடியலுக்கு முன்பே மறுபடி திறந்துவிட்டன.

நகரத்தில் பெரிய மதுமாடங்கள் 72 இருந்தன. மது காய்ச்சத் தேவையான நொதியை அரசு தன் கைக்குள் வைத்திருந்தது. அதை வாங்கிக் காய்ச்ச உரிமை பெற்றவை இந்த 72தான். சின்னக் கடைகள் இவற்றிடம் மது வாங்கி விற்றன. அவற்றை எண்ணி மாளாது என்று மெங் விட்டுவிட்டார். பெரியவற்றில் பேர்பெற்றது ஃபான்லோ. மூன்று மாடிக் கட்டடங்கள் ஐந்து, அவற்றுக்கிடையே அந்தரத்தில் நடைபாலங்கள். ஜாங் செதுவான் வரைந்த, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான கைஃபங் ஓவியச் சுருள் இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வண்ணத் துணியும் மூங்கிலும் கட்டிய அலங்கார வாசலோடு இப்படியொரு மாடத்தை அதில் கண்ணால் பார்க்கலாம்.

கடைவீதிக் குடும்பங்கள் பல, வீட்டில் காய்கறிகூட வாங்கி வைப்பதில்லை, அவ்வப்போது கடையில் வாங்கியே சாப்பிட்டார்கள் என்று மெங் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு பெருநகரம் இத்தனை உணவகங்களைத் தாங்கியதற்கு அதைவிடப் பெரிய காரணம், அங்கே இருந்தவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள் இல்லை என்பதுதான். அரசுத் தேர்வெழுத நாடெங்கும் இருந்து இளைஞர்கள் வந்தார்கள். தேறியவர்கள் அதிகாரிகளாகத் தங்கினார்கள். கால்வாய் வழியாகத் தெற்கத்தி வணிகர்கள் நெல்லோடு வந்து சேர்ந்தார்கள். கைஃபங் சாப்பாடு மாவும் ஆட்டுக்கறியுமாக இருந்தது. சோறும் மீனும் தின்று வளர்ந்தவனுக்கு அது இறங்குமா? ஆகவே தெற்கத்திச் சாப்பாட்டுக் கடைகள் தனியாக முளைத்தன; சிச்சுவான் சாப்பாட்டுக்கும் தனிக் கடைகள் வந்தன. ஊரை விட்டு வந்த நாக்குகளுக்காகத்தான் அந்தக் கடைகள் திறக்கப்பட்டன என்று பிற்காலத்தில் ஹாங்சௌ நகரத்தைப் பற்றி எழுதிய வூ சிமு வெளிப்படையாகவே சொல்கிறார்.

1127க்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. அரசவை தெற்கே ஓடி ஹாங்சௌவில் தங்கியது. இப்போது வடக்கத்திக்காரர்கள்தான் அயலூர்க்காரர்கள். அவர்களோடு சமையற்காரர்களும் போனார்கள். கைஃபங்கிலிருந்து வந்த ஐந்தாம் அண்ணி சோங் என்ற பெண் மேற்கு ஏரிக்கரையில் மீன் கூழ் விற்றுப் பிழைத்தாள். 1179இல் படகில் உலா வந்த ஓய்வுபெற்ற பேரரசர் காவ்சோங், அவள் பழைய தலைநகரத்துக்காரி என்று கேள்விப்பட்டு அழைத்துச் சுவைத்தார், பரிசும் தந்தார். செய்தி பரவியதும் கடையில் கூட்டம் நெரிந்தது. அவள் பணக்காரி ஆனாள். அந்தப் பெயரில் ஒரு மீன் கூழ் ஹாங்சௌ உணவகங்களில் இன்றும் கிடைக்கிறது. வூ சிமு எழுதிய 13ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் வடக்கு, தெற்கு என்ற பிரிவே உணவில் கலைந்துபோயிருந்தது. தலைமுறைகள் கடந்தபின் ஏக்கத்துக்கு வேலையில்லை.

ஹாங்சௌவின் சாப்பாட்டு மோகத்துக்கு மார்க்கோ போலோவும் சாட்சி. நாளொன்றுக்கு 43 பொதி மிளகு அங்கே செலவாவதாகச் சுங்க அதிகாரி ஒருவர் சொன்னதாக அவர் எழுதினார். ஒரு பொதி 223 பவுண்டு. கணக்கில் கொஞ்சம் மசாலா கூடியிருக்கலாம், ஆனால் மிளகு வந்த திசையில் சந்தேகமில்லை. ஹாங்சௌவுக்குத் தெற்கே சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் தங்கியிருந்தார்கள். அங்கே சிவனுக்குக் கோயில் எழுப்பியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம். நம் கணக்கில் 1281. அந்த வணிகர்கள் அங்கே என்ன சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை, பாவம்.

பெய்ஜிங் தலைநகரான பிறகு இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. சிங் வம்ச ஆட்சியில் எந்த அதிகாரியும் தன் சொந்த மாகாணத்தில் பதவி வகிக்கக் கூடாது என்பது சட்டம். உறவினருக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்க வந்த விதி அது. பக்கவிளைவாக, படித்த சீனர்களில் ஒரு பெரும் கூட்டத்தையே ஆயுள் முழுக்க அயலூர்ச் சாப்பாட்டில் தள்ளிவிட்டது. வசதியுள்ளவர்கள் சமையற்காரரைக் கூடவே அழைத்துப் போனார்கள். தேர்வெழுத வந்தவர்களுக்கும் வணிகர்களுக்கும் பெய்ஜிங்கில் ஊர்ச்சங்க விடுதிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தன் ஊர்ப் பேச்சும் தன் ஊர்க் குழம்பும் அங்கே கிடைக்கும். நகரத்தின் பெரிய உணவகங்களையோ ஷான்தோங் மாகாணத்தவர் கைப்பற்றினார்கள். இன்று உலகம் பெய்ஜிங் சமையல் என்று அழைப்பதில் பாதி அவர்கள் கைவரிசை.

வீட்டுச் சமையல் வெளியே வந்த கதைகளில் ‘தான்’ என்ற குடும்பத்தின் கதை ருசியானது. குவாங்தோங்கைச் சேர்ந்த தான் சோங்ஜுன் 1874 அரண்மனைத் தேர்வில் இரண்டாமிடம் பெற்று பெய்ஜிங்கில் பதவி ஏற்றார். சாப்பாட்டுப் பிரியர், தெற்கத்தி முறையையும் வடக்கத்தி முறையையும் கலந்து அவர் வீட்டில் ஒரு புதிய சமையலே உருவானது. மகன் தான் ஜுவான்சிங் காலத்தில் குடும்பம் நொடித்தது. உணவகம் திறப்பது கௌரவக் குறைச்சல், பட்டினி கிடப்பது அதைவிடக் குறைச்சல். வீட்டிலேயே பணம் வாங்கிக்கொண்டு விருந்து வைத்தார்கள். ஒரே நிபந்தனை, வீட்டுக்காரருக்கும் ஓர் இருக்கை போட வேண்டும். அவரும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவார், அப்போதுதான் அது வியாபாரம் ஆகாது. அந்தச் சமையல் 1958இல் பெய்ஜிங் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது.

நேர்மாறாக, வெளிச் சாப்பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் நான்ஜிங் கவிஞர் யுவான் மெய். யார் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டாலும் தன் சமையற்காரரை அங்கே அனுப்பிக் கற்றுவரச் செய்தார், அதுவும் நாற்பது ஆண்டுகளாக. 1792இல் வெளியான அவருடைய சமையல் நூல் அப்படிச் சேர்ந்ததுதான்.

அதிகாரிகளின் வாய்க்கு ஏட்டில் இடம் கிடைத்தது. சுமைகூலிகளின் வாய்க்கோ பெரும்பாலும் கிடைக்கவில்லை, ஆனால் உலகம் முழுக்கப் போன சிச்சுவான் பண்டம் அவர்களுடையது. செங்து நகரின் வடக்கே வான்ஃபு பாலத்தருகே 1862 வாக்கில் சென் குடும்பத்தின் சிறு கடை இருந்தது. எண்ணெய் சுமந்து வரும் கூலிகள் அங்கே இளைப்பாறுவார்கள். சுமையிலிருந்து கொஞ்சம் எண்ணெயை மொண்டு கொடுத்து, டோஃபுவும் கறியும் வாங்கிவந்து சமைத்துத் தரச் சொல்வார்களாம். வீட்டுக்காரி முகத்தில் அம்மைத் தழும்பு. அதுவே பண்டத்துக்கும் பெயராகி, மாப்போ டோஃபு ஆனது. எண்ணெய் மிதக்க, சிச்சுவான் மிளகு நாக்கை மரக்கச் செய்ய, மிளகாய் எரிய எரிய இருந்தால்தான் அது மாப்போ. எண்ணெய்க்கு முதலாளி வேறு ஒருவர் என்பதால் தாராளம் குறையவில்லை போலும்.

அந்த மிளகாயும் வழிப்போக்கர்தான். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நம் ஊருக்கு வந்ததைப் போலவே சீனாவுக்கும் வந்தது. 1591இல் ஹாங்சௌக்காரர் காவ் லியன் அதை அழகுச் செடி என்று குறித்து வைத்தார். தின்னும் எண்ணம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. தின்னத் துணிந்தது உப்புக்குத் தட்டுப்பாடு இருந்த குய்சௌ மலைநாடு. உப்புக்குப் பதிலாக அங்கே மிளகாய் பயன்பட்டதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மாவட்டக் குறிப்பு ஒன்று பதிவு செய்கிறது. சிச்சுவானுக்கு அது பரவலாக வந்தது அதற்கும் பிறகு. ஆயிரமாண்டுப் பழமை என்று பெருமை பேசப்படும் சிச்சுவான் காரத்துக்கு உண்மையில் சுமார் இருநூறு வயது.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு கட்டத்தில் வீட்டு அடுப்பும் கடை அடுப்பும் ஒருசேர அணைந்தன. 1955இல் தானியச் சீட்டு வந்தது. கடையில் ஒரு கிண்ணம் சோறு வாங்கவும் பணத்தோடு சீட்டும் தர வேண்டும். உள்ளூர்ச் சீட்டு அடுத்த மாகாணத்தில் செல்லாது. பயணம் போகிறவர் நாடு முழுக்கச் செல்லும் சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் காசிருந்தும் பசியோடு நிற்க நேரலாம் என்பதுதான் அந்தக் காலத்துச் சீனப் பயணத்தின் விதி. 1958இல் கிராமங்களில் பொதுச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. வீட்டில் சமைப்பது தேவையற்றது என்றார்கள். இரும்புச் சட்டிகள் எஃகு உலைக்குப் போயின. முதலில் வயிறு நிறையச் சாப்பாடு போட்ட அந்தக் கூடங்கள் சில மாதங்களில் கஞ்சிக்கு இறங்கின. தொடர்ந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். 1961இல் கூடங்கள் கலைக்கப்பட்டன. தானியச் சீட்டு 1993 வரை நீடித்தது.

சீட்டு இருக்கும்போதே கடைகள் திரும்பத் தொடங்கிவிட்டன. 1980 செப்டம்பர் 30 அன்று பெய்ஜிங்கின் சுய்ஹுவா சந்தில் லியு குய்சியன் என்ற பெண் தன் வீட்டிலேயே நான்கு மேசை போட்டு ‘யுவெபின்’ உணவகத்தைத் திறந்தார். தலைநகரில் தனியார் நடத்திய முதல் உணவகம் என்று அது அறியப்படுகிறது. இது சோஷலிசமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த ஆண்டுச் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு துணைப் பிரதமர்கள் நேரில் வந்து வாழ்த்திவிட்டுப் போனபின் முணுமுணுப்பு அடங்கியது.

அதன்பின் அதிகாரிகளின் நாக்கு மறுபடி வேலை செய்தது. ஒவ்வொரு மாகாணமும் பெய்ஜிங்கில் ஒரு தொடர்பு அலுவலகம் வைத்துக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தோடு ஒரு உணவகம், சொந்த மாகாணத்துச் சமையல். மாவட்டங்களும் போட்டிக்கு அலுவலகம் திறந்ததால் செலவு கட்டுக்கடங்காமல் போக, 2010இல் மாவட்ட அலுவலகங்களை மூடும்படி மத்திய அரசு ஆணையிட்டது. மாகாண அலுவலகங்கள் தப்பித்தன. அவற்றில் பேர்பெற்ற சிச்சுவான் அலுவலகத்து உணவகம் ஜியன்குவோமென் பகுதியில், சிங் காலத்துத் தேர்வுக்கூடத்தின் பெயரைத் தாங்கிய ஒரு சந்தில் இருக்கிறது. மதிய நேரத்தில் அங்கே வரிசையில் நிற்பவர்களில் அதிகாரிகள் குறைவு. பெய்ஜிங்வாசிகளும் ஊர் சுற்ற வந்தவர்களும் சீட்டு எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.