ஃபார்ம் 3-ம் ஓசூர் பசங்களும்

அமெரிக்காவுல காலேஜ் விளையாட்டு பிசினஸ்ல தான் பொறந்துச்சுன்னு சொல்லலாம். 1852-ல ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டிக்கு செலவு பண்ணது ஒரு ரயில் கம்பெனி. கூட்டம் வந்தா டிக்கெட் விக்குமே! அப்புறம் ஃபுட்பால்ல பசங்க செத்து விழ ஆரம்பிச்சதும் 1905-ல அதிபர் ரூஸ்வெல்ட் தலையிட்டார். 1906-ல உருவான அமைப்பு தான் இன்னைக்கு என்.சி.ஏ.ஏ. கோச், யுனிவர்சிட்டி, டிவின்னு எல்லாரும் சம்பாதிச்சாங்க, ஆடுன பையனுக்கு ஸ்காலர்ஷிப்போட சரி. 2021-ல தான் தன் பேரையும் முகத்தையும் வெச்சு அவன் விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு விட்டாங்க. யுனிவர்சிட்டியே நேரா காசு கொடுக்கலாம்னு ஆனது 2025-ல.

நம்மூர்ல காலேஜ் மேட்சுக்கு யாருங்க டிக்கெட் வாங்குறா? இங்க புழங்குற கரன்சியே வேற. ஒரு பேப்பர்.

1935-36-ல ரோஹின்டன் பாரியா கோப்பைன்னு பல்கலைக்கழகங்களுக்கு கிரிக்கெட் ஆரம்பிச்சாங்க. முதல்ல நடத்துனது கிரிக்கெட் போர்டு. 1940-41-ல இருந்து பல்கலைக்கழகங்களே தங்களுக்குள்ள ஒரு விளையாட்டு வாரியம் வெச்சு நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. கவாஸ்கர் 327 அடிச்சது இந்தக் கோப்பையில தான். அன்னைக்கு இங்க ரன் அடிச்சா இந்திய டீமுக்கே கூப்பிடுவாங்க. இன்னைக்கு ஐ.பி.எல். இருக்கறப்போ யாரு இதைப் பார்க்கறா, விடுங்க.

என்னைக் கேட்டா உண்மையான திருப்பம் 1980 ஆகஸ்ட் 4-ம் தேதி வந்த ஒரு மத்திய அரசு உத்தரவு. விளையாட்டுக்காரங்களை நேரா வேலைக்கு எடுக்கறதுக்கான விதிகள் அதுல இருக்கு. இந்தியாவுக்கு ஆடுனா ஃபார்ம் 1, மாநிலத்துக்கு ஆடுனா ஃபார்ம் 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடுனா ஃபார்ம் 3. இந்தியாவுக்கு ஆடற அளவுக்கு இல்லாத, ஆனா நல்லா ஆடற கபடி பையனுக்கு எட்டற தூரத்துல இருக்கறது இந்த மூணாவது தான். அதுக்கு காலேஜ் டீம்ல ஆடுனா பத்தாது, யுனிவர்சிட்டி ஜெர்சி போடணும்.

இங்க தான் நம்ம ஓசூர், பர்கூர் கதை வருது. இந்தப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்கள் முதல்ல சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்துச்சு. 1997-ல சேலத்துல பெரியார் பல்கலைக்கழகம் வந்ததும் அங்க போச்சு. 2001-க்கு அப்புறம் அண்ணா பல்கலைக்கழகம். 2007-ல அதைப் பிரிச்சதும் கோயம்புத்தூர் அண்ணா. 2012-ல எல்லாத்தையும் ஒண்ணாக்கி மறுபடியும் சென்னை. ஆட்சி மாறுனா போர்டு மாறுச்சு, போர்டு மாறுனா ஜெர்சியும் மாறுச்சு.

இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. கணக்கு தாங்க இருக்கு. அகில இந்தியப் போட்டிக்கு ஒரு யுனிவர்சிட்டிக்கு ஒரு டீம் தான். கபடின்னா 12 பேர். அண்ணா பிரிஞ்சு கிடந்தப்போ ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டீம் போச்சு. ஒண்ணானதும் நானூறுக்கு மேல காலேஜ், அதே 12 இடம். பிரிச்சது பாடத்திட்டத்துக்கு நல்லதா கெட்டதான்னு சண்டை போட ஆள் இருந்துச்சு. இந்த இடங்கள் போனதைப் பத்தி யாரும் மூச்சு விடலை.

சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே 12 இடம் தான். அவங்க வேணுங்கற ஆளை ஃபீஸ் இல்லாம சேர்த்துக்கலாம். 2022-ல பெங்களூருல நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில, போட்டியை நடத்துன ஜெயின் யுனிவர்சிட்டியே 20 தங்கத்தோட முதல் இடம். குறை சொல்லலை, அவங்க இருக்கற விதிப்படி தான் ஆடுறாங்க.

அதனால +2 முடிச்ச நல்ல ஆட்டக்காரன் இன்னைக்கு ஓசூர்ல கவுன்சிலிங்குக்கு ரேங்க் பார்க்கறதோட, அத்திப்பள்ளி தாண்டி எந்த காலேஜ்ல செலக்‌ஷன் நடக்குதுன்னும் விசாரிக்கிறான். கிடைச்சுட்டா தென் மண்டலப் போட்டியில கர்நாடக யுனிவர்சிட்டி ஜெர்சியில நம்ம டீமுக்கு எதிரா ரெய்டு போவான்.