பெயரும் இயல்பும்: சி நிரல்கள் தளம் கடந்த வரலாறு

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் மாற்றி எழுதப்பட்டதாயினும், அது பிடிபி-11 என்னும் ஒரே கணினி வகையைச் சார்ந்தே சில ஆண்டுகள் இருந்தது. 1977-78இல் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும் அதனை இன்டர்டேட்டா 8/32 கணினிக்குப் பெயர்த்து, சி நிரல் எந்திரம் கடந்து செல்லும் என்பதை நிறுவினர்.

எந்திர வேறுபாடு இவ்வாறு தணியத் தொடங்கிய வேளையில் இயங்குதள வேறுபாடு தலையெடுத்தது. 1980களில் யூனிக்ஸ், பெர்க்லி பல்கலைக்கழக வழி என்றும் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் வழி என்றும் கிளைத்தது. நினைவகத் துண்டு ஒன்றை நகலெடுக்க முன்னது ‘பிகாப்பி’ என்ற சார்பையும் பின்னது ‘மெம்காப்பி’ என்ற சார்பையும் வழங்கின. முதலாவதில் மூல இடமும் இரண்டாவதில் சேரிடமும் முதலில் எழுதப்படுவதால், பெயரை மட்டும் மாற்றியவரின் நிரல் தரவை எதிர்த்திசையில் நகலெடுத்தது.

இத்தகைய வேறுபாடுகளைக் கையாள முதலில் கைகொடுத்தது முன்செயலி, அதாவது நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் தொகுப்பிக்கு முன்னதாக மூலநிரலைத் திருத்தித் தரும் கருவி ஆகும். மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் அதில் சேர்த்த நிபந்தனைத் தொகுப்பு வசதியால், ‘இஃப்டெஃப்’ என்ற கட்டளையைக் கொண்டு ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் உரிய வரிகளைத் தனியே பிரித்து எழுத முடிந்தது. எனினும் தளங்கள் பெருகப் பெருக நிரல் படிக்க இயலாத அளவுக்குச் சிக்கலானது. ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் 1992இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வழக்கத்தைக் கண்டித்து, வேறுபாடுகளைத் தனிக் கோப்புகளுக்குள் ஒதுக்குமாறு வலியுறுத்தினர்.

இதனிடையே வேறொரு முறையும் வளர்ந்திருந்தது. லாரி வால் தம் ‘ஆர்என்’ செய்திவாசிப்பு நிரலுக்காக எழுதிய ‘கான்ஃபிகர்’, 1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ ஆகியவை இயங்குதளத்தின் பெயரைக் கேளாமல், சிறு சோதனை நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, தேவையான வசதி அங்கு உள்ளதா என்பதை நேரில் அறிந்தன. 1988இன் போசிக்ஸ் இயங்குதளத் தரமும் 1989இன் அன்சி சி மொழித் தரமும் வேறுபாடுகளைக் குறைத்தபோதிலும் ஒழித்துவிடவில்லை. எடுத்துக்காட்டாக, 64 பிட் லினக்ஸில் 64 பிட்டாக உள்ள ‘லாங்’ என்ற எண் வகை, 64 பிட் விண்டோஸில் இன்றும் 32 பிட்டாகவே உள்ளது. யூனிக்ஸ் கட்டளைமொழியைச் சார்ந்த ‘கான்ஃபிகர்’ நிரல்கள் விண்டோஸில் இயல்பாக இயங்காத குறையை, 2000இல் தோன்றிய ‘சிமேக்’ என்ற கருவி ஈடுசெய்தது.

பெயரை நம்பிய நிரல்கள் ஒவ்வொரு புதிய தளத்திலும் திருத்தப்பட வேண்டியிருந்தன. இயல்பைச் சோதித்த நிரல்களோ, எழுதப்பட்டபோது இல்லாத தளங்களிலும் பெரும்பாலும் மாற்றமின்றி ஓடின.