குதிரை இல்லாத சேணம்

நவம்பர் மாதம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஓக் காடு. தரையிலிருந்து இருபதடி உயரத்தில், அடிமரத்தைப் பார்த்தபடி வில்லும் கையுமாக ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கிறார். தொடைக்கடியில் ஓர் அகலப் பட்டை. அதன் இரு பக்கத்தையும் முன்னால் இணைக்கும் ஒரு துண்டுக் கயிறு. அதை மரத்தோடு பிணைக்கும் இன்னொரு கயிறு. பாதம் ஊன்ற ஒரு சின்ன மிதிமேடை. அவ்வளவுதான் சாமான். வெள்ளைவால் மான் வருமோ வராதோ, மனிதர் நான்கைந்து மணி நேரம் இப்படியே இருப்பார்.

இதற்கு ‘ட்ரீ சேடில்’ என்று பெயர். மரத்துக்குப் போட்ட சேணம்! வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விகள் இரண்டுதான்: இடுப்பு தாங்குமா, கயிறு தாங்குமா? இவற்றுக்கு விடை கண்டவர்களில் பெரும்பாலோர் மான் வேட்டைக்காரர்களே அல்லர் என்பதுதான் வேடிக்கை.

மரத்தில் ஏறிக் காத்திருக்கும் வழக்கம் பழையது. பிரிட்டிஷ் இந்தியாவில் புலிக்காகக் காத்திருந்தவர்கள் கிளைகளுக்கு நடுவே ‘மச்சான்’ கட்டினார்கள். நம் அத்தை மகனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சமஸ்கிருத ‘மஞ்ச’ இந்திக்குப் போய் இப்படி ஆனது. நம்முடைய ‘மஞ்சம்’ அதே வீட்டுப் பிள்ளை. சேலம், தருமபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் கட்டிலையே மரத்தில் ஏற்றி மச்சானாக்கிக்கொண்டவர். ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926 மே மாதம் ஜிம் கார்பெட் சுட்டதும் ஒரு மாமரத்து மச்சானிலிருந்துதான். ஆனால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைய முடியாது. இருட்டில் கண்ணயர்ந்து உருண்டால் கட்டில் கையை நீட்டிப் பிடிக்கவும் பிடிக்காது.

மனிதனை மரத்தோடு சேர்த்துக் கட்டும் வேலையை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் பிறந்து ஓஹியோவின் கென்ட் நகரில் குடியேறிய ஜான் டேவி என்ற தோட்டக்காரர் 1901இல் ‘தி ட்ரீ டாக்டர்’ என்றொரு புத்தகம் போட்டார். மரத்துக்கும் வைத்தியம் உண்டு என்பது அவர் கட்சி. இந்த வைத்தியத்துக்கு நோயாளியின் தலைமேல் ஏற வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் மணிலா கயிற்றில் இரட்டைச் சுருக்குப் போட்டு, அதில் தொடைகளை நுழைத்து, அந்தரத்தில் உட்கார்ந்து கிளை நறுக்கினார்கள். சுருக்கு பின்னாளில் பட்டையானது. அதைச் ‘சேடில்’ என்று அழைத்தார்கள். தந்திக் கம்பங்களில் ஏறியவர்களோ இடுப்பையும் கம்பத்தையும் ஒரு வாரால் வளைத்துப் பிடித்து, இரண்டு கையையும் வேலைக்கு விடுவித்துக்கொண்டார்கள். வேட்டைக்காரர் இன்றும் மரமேறும்போது சுற்றிக்கொள்ளும் வாருக்கு ‘லைன்மேன் பெல்ட்’ என்றுதான் பெயர்.

இதற்கிடையில் ஆல்ப்ஸ் மலையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால மலையேறிகள் கயிற்றை நேரே இடுப்பில் முடிந்தார்கள். விழுந்தால் கயிறு பிடிக்கும், உண்மைதான். பிடித்த பிறகு விலாவை நெரித்து மூச்சையும் பிடித்துவிடும். அப்படித் தொங்குகிறவர் கயிற்றைப் பற்றி மேலேற உதவும் ஒரு முடிச்சை 1931இல் ஆஸ்திரியரான கார்ல் புரூசிக் பிரபலமாக்கினார். தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்றைச் சுற்றினால், பாரம் ஏறும்போது இறுகும், பாரம் எடுத்தால் நகரும். முதல் உலகப்போரில் இசைக்கருவிகளின் அறுந்த தந்தியை ஒட்டுப்போடத்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. வயலினோ என்னவோ, இன்று மிச்சிகன்காரரின் உயிர், மரத்துக் கயிற்றில் சேடிலைப் பிடித்து நிறுத்தும் அந்த முடிச்சில்தான் நிற்கிறது.

முடிச்சை விட உலோகப் பிடி வசதி என்பவர்களுக்கும் ஒரு விசித்திர மூதாதை உண்டு. சுவிட்சர்லாந்தின் அடால்ஃப் யூசிக்குக் கழுகுகளை ஆராயும் வேலை. பாறை விளிம்புகளில் கயிற்றில் ஏறி இறங்க வேண்டும். நண்பர் வால்டர் மார்ட்டி அவருக்காக, மேலே நகர்ந்து கீழே நகராத ஒரு கருவியைச் செய்தார். இருவர் பெயரையும் ஒட்டி 1958இல் ‘ஜூமார்’ கடைக்கு வந்தது. சேடிலில் கயிற்றைக் கவ்வும் சின்னப் பிடிகள் இதன் தம்பிகள்.

கயிற்றின் கதை காலுறையில் தொடங்குகிறது. 1935இல் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான், 1940இல் பெண்களின் காலுறையாகி, போர் வந்ததும் பாராசூட்டுக்குப் போய், போருக்குப் பின் மலையேறியது. 1970இல் அன்னபூர்ணாவின் தெற்கு முகத்துக்குப் புறப்பட்ட மலையேறி டான் வில்லன்ஸ், இடுப்பையும் தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் நைலான் பட்டைக் கவசம் ஒன்றை வடிவமைத்தார். பாரம் தொடைக்கு இறங்கியது, மூச்சு பிழைத்தது. ஆனால் கவட்டின் நடுவே ஒரு வார் போனது. அதில் தொங்கிப் பார்த்த ஆண்கள் அதைப் பற்றிச் சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

வேட்டைக்காரர் கதைக்குள் வருவது இதற்குப் பிறகுதான். 1980களின் தொடக்கத்தில் ‘ஆண்டர்சன் ஸ்லிங்’ என்ற தொங்குபட்டை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் கட்டில் ஆண்டர்சனோடு பெயர்ப்பொருத்தம் மட்டும்தான். மிச்சிகனின் வில்வேட்டைக்காரர் ஜான் எபர்ஹார்ட் 1981இல் அதில் தொற்றிக்கொண்டார். பின்னாளில் எழுதியும் பேசியும் பலரையும் தொங்கவிட்டார். 1983இல் அட்லாண்டாவில் பீட்டர் ஜென்கின்ஸ் சும்மா பொழுதுபோக்குக்கு மரமேறக் கற்றுத்தரும் அமைப்பைத் தொடங்கினார். அந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்குச் சேணம் தைத்த ஓரிகனின் ‘நியூ ட்ரைப்’ நிறுவனம் வேட்டைக்காரர்களுக்கும் தைத்தது.

நகலெடுத்தவர்களின் படலம்தான் எனக்குப் பிடித்தது. கடைச்சரக்கு அகப்படாத நாட்களில், கொன்ற மானை இழுத்துப்போக விற்ற பட்டையை வாங்கி, மலையேறும் கவசத்தோடு கோத்துத் தாங்களே உட்கார்ந்தார்கள் சிலர். வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைத்தவர்களும் உண்டு. மலையேறிகளின் கவசம் சந்தைக்கு வரும் முன் 15 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஒன்றரை டன் இழுப்பைத் தாங்கிக் காட்ட வேண்டும். வீட்டுத் தையலை யார் இழுத்துப் பார்த்தார்கள்? 2010களின் இறுதியில் புதிய நிறுவனங்கள் சுமார் ஒரு கிலோ எடையில் சேடில்களைக் கொண்டுவந்தபோதுதான் அந்த ஊசிகள் ஓய்ந்தன.

சரி, இடுப்பு தாங்குமா? பட்டையின் ஓரம் இடுப்பெலும்பைக் கிள்ளுவதுதான் எல்லோரும் சொல்லும் குறை. இதற்காகவே பட்டையை இரண்டாகப் பிரித்தார்கள்: மேல்பாதி இடுப்பைச் சாய்க்க, கீழ்பாதி தொடையைத் தாங்க. முன்கயிற்றைக் கொஞ்சம் நீட்டினால் கிள்ளல் பெரும்பாலும் குறையும். இதைக் கடையில் நின்றபடி உடுத்திப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. முழங்கால் உயரத்தில் கட்டி ஒரு மணி நேரமாவது தொங்க வேண்டும்; பத்து நிமிடத்தில் எல்லாச் சேடிலும் சொர்க்கம்தான்.

கயிறு தாங்குமா என்பதைவிட, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று கேட்பது நல்லது. மரத்தோடு பிணைக்கும் இந்தக் கயிறு அவ்வளவாக நீளாது. தளர்வோடு நின்று இரண்டடி விழுந்தாலும் அடி முழுவதும் உடம்புக்குத்தான். அதனால் கட்டு இடுப்புக்கு மேலேயும், கயிறு விறைப்பாகவும் இருக்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கயிற்றில் அசையாமல் தொங்கியவர்கள், காயமே இல்லாமலும் இறந்தது பற்றி மலை மீட்பு மருத்துவர்கள் 1972இல் இன்ஸ்ப்ரூக்கில் கூடி விவாதித்தார்கள். ரத்தம் காலில் தேங்கிவிடுகிறது. அந்தச் சின்ன மிதிமேடை சொகுசுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கால் ஊன்றவும், பாரம் மாற்றவும், ரத்தம் மேலேறவும் அதுதான் வழி.

ஒன்றை விட்டுவிட்டேன். மரத்தைப் பார்த்தபடி தொங்கினால் முழங்கால் மரப்பட்டையில் உரசும். அதற்கு மட்டும் வேட்டைக்காரர்கள் யாருடைய ஆராய்ச்சிக்கும் காத்திருக்கவில்லை. ஹார்டுவேர் கடைக்குப் போய், தரையில் டைல்ஸ் பதிக்கிறவர்கள் மாட்டும் முழங்கால் காப்பை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.