கொள்ளிடம்: கடலூர் மாவட்டக் கரை

காவிரியின் வடகிளையான கொள்ளிடம், திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பிரிந்து திருவரங்கத்துக்கு வடக்காக ஓடி, பழையாறு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. கடைசிப் பகுதியில் இதன் வடகரை கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தென்கரை 2020இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது.

பாசனத்துக்குப் போக மிஞ்சிய வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் இந்த ஆற்றின் வேலை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படுகை தாழ்ந்திருந்ததால் காவிரிக்குச் சேர வேண்டிய நீரையும் இதுவே இழுத்துக்கொண்டது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836–38இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். அணைக்கரையில் கட்டப்பட்ட கீழணையால் கடலூர்ப் பக்கமும் பயன் பெற்றது. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிரம்புகிறது. வடக்கு ராஜன் வாய்க்காலும் அங்கேதான் தொடங்குகிறது. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரங்களின் நெல்லுக்கு ஏரியும் வாய்க்காலும் ஆதாரம். சோழர் வெட்டிய வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் போகிறது.

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கும் ஆண்டுகளில், கரைக்கு உள்ளே ஆற்றுத் திட்டுகளில் இருக்கும் திட்டுக்காட்டூர், கீழகுண்டலப்பாடி, அக்கரை ஜெயங்கொண்டப்பட்டினம் ஆகிய ஊர்களை வெள்ளம் சூழ்ந்துகொள்ளும். அப்போது படகில்தான் போக்குவரத்து. படுகையில் போட்ட கத்தரி, மிளகாய், பூச்செடிகள் எல்லாம் மூழ்கிவிடும். ஆனாலும் வண்டல் சேர்ந்த மண்ணை விட்டுப் போக மனம் வராமல், தண்ணீர் வடிந்ததும் அதே இடத்தில் மறுபடி பயிர் வைக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மேலணையின் மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டதும் இப்படியொரு வெள்ளத்தில்தான்.

வெள்ளம் இல்லாத மாதங்களில் தொல்லை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஆற்றில் நன்னீர் வரத்து இல்லாதபோது கடல்நீர் உள்ளே ஏறி நிலத்தடி நீரை உப்பாக்குகிறது. மணல் அள்ளியதால் ஆழமாகிவிட்ட படுகை அதற்கு இன்னும் வழிவிடுகிறது. விவசாயிகள் நெடுங்காலம் கேட்டுவந்த ஆதனூர்–குமாரமங்கலம் கதவணைத் திட்டம் இந்த உப்புநீர்த் தொல்லையின் விளைவு.

முகத்துவாரத்துக்கு வடக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிகளில் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு இருக்கிறது. சுரபுன்னையும் கண்டலும் வளர்ந்த அந்தக் கால்வாய்களில் இருளர் பழங்குடியினர் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டு வைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். இரு கைகளும் சேற்றில் இருக்கும்போது வேறு வழியில்லை. வலையும் படகும் உள்ள மீனவர்கள் ஆழ்நீரில் தொழில் செய்ய, இருளருக்கு மிஞ்சியது இந்தக் கரையோரச் சேறு. 2004 டிசம்பர் சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய குடியிருப்புகளில் சேதம் குறைவு. மறைப்பில்லாத கடலோரக் குப்பங்களே பெரிதும் அழிந்தன.