முகூர்த்தம் தப்பாத கல்யாணம்

மீனாட்சி கல்யாணம் மதுரைக்காரர்களுக்குச் சொந்த வீட்டு விசேஷம். மீனாட்சியம்மன் கோயிலின் வடக்கு, மேற்கு ஆடி வீதிகள் சேரும் இடத்திலுள்ள மண்டபத்தில் அம்மனுக்குத் திருமாங்கல்யம் பூட்டும்போதே, கூட்டத்தில் நிற்கும் பெண்களும் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். பிறகு கல்யாண விருந்து. அதற்கு மொய்யும் உண்டு!

2020 மே 4 அன்று அந்த மண்டபத்தில் கூட்டமே இல்லை. கொரோனா ஊரடங்கு. தேரோட்டமும் சுவாமி வீதியுலாவும் ரத்தாகியிருந்தன. சிவாச்சாரியார்கள் சிலர் மட்டும் கோயிலுக்குள் திருமணத்தை நடத்திவைக்க, அது இணையத்தில் நேரலையாக வந்தது. கைப்பேசியைப் பூஜை அறையில் சாய்த்துவைத்து, திரையில் தாலி ஏறிய நேரத்தில் பெண்கள் வீட்டிலேயே புதுக் கயிறு கட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சித்திரைத் திருவிழா உருமாறுவது புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர்தான் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்தார், தேனூரில் வைகை ஆற்றில் இறங்கிவந்த அழகர்கோயில் பெருமாளான அழகரை மதுரைக்கு வரவழைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சைவ நகரமும் அழகரைக் கும்பிடும் சுற்றுப்பட்டுக் கிராமங்களும் அதனால் ஒரே திருவிழாவில் கூடின. நாயக்கர் காலத்தில் மாதமும் இடமும் மாறின. 2020இல் பக்தர்கள் கூடும் இடமே இல்லாமல் போனது. முகூர்த்தம் மட்டும் மாறாமல் நின்றது. ஊரை ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்க அது போதுமானதாக இருந்தது என்பதுதான் வியப்பு. வானொலி வர்ணனையும் தொலைக்காட்சியும் கல்யாணத்தை முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தன. ஆனால் வீட்டைத் தவிர வேறு இடமே இல்லை என்ற நிலை அந்த வருஷம்தான் வந்தது.

அழகர் விஷயத்தில் திரை தோற்றது. சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை செய்வது, தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவது, ஆற்றங்கரையில் முடி இறக்குவது எல்லாம் உடம்பால் செய்யும் நேர்த்திக்கடன்கள். எந்த நேரலையாலும் அவற்றை வாங்கிக்கொள்ள முடியாது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை.

2022 ஏப்ரல் 16 அன்று அவர் மீண்டும் வைகையில் இறங்கியபோது லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தார்கள். அத்தனை பேருக்கும் வழியும் காற்றும் உண்டா என்று பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. முதியவர்களும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் வீட்டிலிருந்தே கும்பிட நேரலை தொடர்ந்து வருகிறது. ஆனாலும் ஆற்றில் கூட்டம் குறையவில்லை.